ஸ்கூலில் அடங்கி இருக்கும் பையன் வீட்டுக்கு வந்ததும் ஏன் கத்துகிறான்?

ஜூன் 12, இரவு 9.50 (கேள்வி)

அண்ணன் பையனுக்கு 9 வயசு. ஆட்டிசம்னு 4 வயசுலயே சொல்லிட்டாங்க. நல்லா பேசுவான், படிப்பான். ஸ்கூல்ல ஒரு புகார் கிடையாது, மிஸ் "ரொம்ப அமைதியான பையன்"னு டைரியில எழுதறாங்க. சாயங்காலம் வேன்ல இருந்து இறங்கி வீட்டுக்குள்ள வந்த அரை மணி நேரத்துல கத்தல், பையைத் தூக்கி எறியறது, கையைக் கடிச்சுக்கறது. அங்க அடக்க முடியுதுன்னா இங்கயும் முடியணும்தானே? அண்ணி எல்லாத்துக்கும் விட்டுக்கொடுக்கறாங்க. நரம்பியல் பன்மை, மூளை பலவிதம், அது இதுன்னு சொல்லிட்டு விட்டுட்டா சுயக்கட்டுப்பாடு எப்பதான் வரும்?

ஜூன் 12, இரவு 11.20

அங்கே அடக்குவதால்தான் இங்கே முடியவில்லை.

காலை எட்டரையிலிருந்து நாலு மணி வரை அவன் என்னென்ன அடக்குகிறான் என்று பாருங்கள். பெஞ்சு இழுபடும் சத்தம், நாற்பது பேரின் பேச்சு, கழுத்தில் உறுத்தும் சட்டை லேபிள், பக்கத்துப் பையனின் டிபன் வாசனை, திடீரென்று மாறும் பீரியட். இவற்றில் எதற்கும் காதைப் பொத்தவோ எழுந்து ஓடவோ கையை உதறவோ கூடாது. மற்ற பிள்ளைகளுக்கு இதில் பாதி காதிலேயே விழாது, அவனுக்கு முழுசாக விழும். புலன் கூர்மையும் மந்தமும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு சேர்த்துக்கொண்டது. அதற்கு முன் அதை ஓர் ஓரக் குறிப்பாகவே வைத்திருந்தார்கள்.

மனக்கட்டுப்பாட்டை ஒரு டாங்க் என்று வைத்துக்கொண்டால், அதில் இருந்த தண்ணீரை ஸ்கூலிலேயே செலவழித்துவிட்டு வருகிறான். வீடு பத்திரமான இடம் என்பதால் அங்கே வெடிக்கிறது. "அமைதியான பையன்" என்ற டைரிக் குறிப்பைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அந்த அமைதிக்கு என்ன விலை கொடுக்கிறான் என்று மிஸ்ஸிடம் கேட்க வேண்டும்.

நாளைக்கே செய்யக்கூடியது: இறங்கியதிலிருந்து 45 நிமிஷம் கேள்வியே கேட்காதீர்கள். "டிபன் சாப்பிட்டியா, ஹோம்வொர்க் என்ன, டெஸ்ட் எப்படி" என்று வாசலிலேயே மூன்று கேள்வி விழுகிறது பாருங்கள், முதலில் அதை நிறுத்துங்கள். செருப்பைக் கழற்றியதும் யூனிஃபார்மை மாற்றிப் பழைய பனியன் போட்டுவிடுங்கள். தண்ணீர், கூடவே கடித்து மெல்லும் தின்பண்டம் ஏதாவது கொடுங்கள். முறுக்கு, தட்டை, வறுத்த பொரி எதுவானாலும் சரி. தாடைக்கு வேலை கொடுத்தால் உடம்பு தணியும். டியூப்லைட், டிவி, மிக்சி மூன்றும் அந்த நேரத்தில் வேண்டாம். ஊஞ்சல் இருந்தால் அதில் விட்டுவிடுங்கள்.

ஜூன் 13, காலை 7.05

கேள்வியில் இருந்த "விட்டுக்கொடுக்கறாங்க" என்பதற்கு நேற்று பதில் எழுதவில்லை.

அடம் பிடிப்பதும் மெல்ட்டவுனும், அதாவது சுமை தாங்காமல் தன் வசம் இழந்து வெடிப்பதும், வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும், உள்ளே வேறு வேறு. அடம் பிடிக்கும் பிள்ளை ஓரக்கண்ணால் ஆளைப் பார்க்கும், கேட்டது கிடைத்ததும் நிறுத்தும், தனக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்ளும். மெல்ட்டவுனில் கேட்டதையே கொடுத்தாலும் நிற்காது. யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு இருக்காது. முடிந்த பிறகு பிள்ளை துவண்டு போகும், சில சமயம் தூங்கிவிடும். நடந்ததைக் கேட்டால் பாதி நினைவில் இருக்காது.

முதலாவதில் விட்டுக்கொடுத்தால் அடம் வளரும் என்பது சரி. இரண்டாவதில் விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லை, ஏனென்றால் அவன் எதையும் கேட்கவில்லை.

ஜூன் 13, பகல் 1.15

மெல்ட்டவுன் நடக்கும்போது என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

பேச்சைக் குறைக்க வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று வார்த்தை போதும்: "நான் இருக்கேன்." "இங்க உக்காரலாம்." காரணம் கேட்பது, புத்தி சொல்வது, "எண்ணு, மூச்சு விடு" என்பதெல்லாம் அந்த நேரத்தில் இன்னொரு சத்தம்தான். மூச்சுப் பயிற்சி அமைதியான நாளில் இருபது முறை பழகியிருந்தால்தான் ஆபத்தான நாளில் கைகொடுக்கும்.

பக்கவாட்டில், கை எட்டாத தூரத்தில் உட்காருங்கள். நேருக்கு நேர் நின்று கண்ணைப் பார்க்காதீர்கள். வீட்டில் மற்றவர்களை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்வது நம் வீடுகளில் பெரிய இடைஞ்சல். இதில் ஒரு சித்தப்பா செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, கூட்டத்தை நகர்த்துவதுதான். கண்ணாடி டம்ளர், கத்தரி எல்லாம் எடுத்துவிடுங்கள். சுவரில் தலையை மோதினால் நடுவில் தலையணையை வையுங்கள், தலையைப் பிடித்து இழுக்காதீர்கள். குப்புறப் படுக்க வைத்து அமுக்கவே கூடாது. மூச்சு அடைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

கத்தல் நின்ற உடனே முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உடம்பு தணிய இன்னும் அரை மணி, ஒரு மணி ஆகலாம். அந்த இடைவெளியில் "ஏன்டா இப்படிப் பண்ணே" என்று ஆரம்பித்தால் இரண்டாவது சுற்று வரும். பேச்சை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தாத மெல்ட்டவுனும் உண்டு. பிள்ளை பேச்சற்றுப் போய், போர்வைக்குள் சுருண்டு, கூப்பிட்டால் திரும்பாது. அது யாருக்கும் தொந்தரவு இல்லாததால் யாரும் கவனிப்பதும் இல்லை.

ஜூன் 14, இரவு 10.30

திருத்தம். முதல் பதிவில் டாங்க், தண்ணீர் என்று எழுதியிருந்தேன். மனக்கட்டுப்பாடு ஒரு கையிருப்பு, பயன்படுத்தினால் தீரும் என்ற கருத்து 1998-ல் அமெரிக்க உளவியலாளர் ராய் பாமைஸ்டரின் ஆய்வோடு பிரபலமானது. 2016-ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிட்டத்தட்ட கிடைக்கவே இல்லை. ஆகவே அந்த உவமையைப் பொது விதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பையன் விஷயத்தில் நடப்பது புலன் சுமையும், "சாதாரணமாக" நடித்துக்கொண்டே இருப்பதன் களைப்பும். நடிப்பதை மாஸ்க்கிங் என்கிறார்கள். 2017-ல் இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வு ஒன்றில் ஆட்டிசம் உள்ள 92 பெரியவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது அந்தக் களைப்பைத்தான். உவமை தவறு, 45 நிமிஷ ஆலோசனை தவறில்லை.

நேற்றுக் காலைப் பதிவிலும் ஒரு சிக்கல். அடம், மெல்ட்டவுன் என்று சுத்தமாகக் கோடு போட்டுவிட்டேன். அடமாகத் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் மெல்ட்டவுனாக மாறுவது நிறையவே நடக்கும். டிவியை அணைத்ததற்காகக் கத்தத் தொடங்கியவன், கத்தலின் சத்தத்திலேயே தன்னை இழந்துவிடுவான். அந்தப் பட்டியலை வைத்துப் பிள்ளையை விசாரணை செய்யாதீர்கள். சந்தேகம் வந்தால் மெல்ட்டவுன் என்றே நடத்துங்கள். தவறாகப் போனாலும் நஷ்டம் குறைவு.

ஜூன் 15, காலை 6.40

"மார்ஷ்மெல்லோ பரிசோதனை மாதிரி காத்திருக்கப் பழக்க வேண்டாமா" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. வேண்டும். அந்தப் பரிசோதனையை முழுசாகப் பார்த்தால் பழக்கும் வழியும் அதிலேயே இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷல் செய்தது எல்லோருக்கும் தெரியும்: இப்போதே ஒரு மிட்டாய், காத்திருந்தால் இரண்டு. 2013-ல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 பிள்ளைகளை வைத்து ஒரு மாற்றம் செய்தார்கள். மிட்டாய்க்கு முன்னால் "நல்ல கலர் பென்சில் கொண்டு வரேன், காத்திரு" என்று பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டு வந்தார், பாதிப் பேருக்கு வெறுங்கையோடு வந்தார். ஏமாந்த பிள்ளைகள் மிட்டாய்க்குச் சராசரியாக 3 நிமிஷம் காத்திருந்தார்கள், ஏமாறாதவர்கள் 12 நிமிஷம். 2018-ல் இன்னும் பெரிய அளவில் பார்த்தபோது, சின்ன வயதில் காத்திருந்ததற்கும் பிற்கால மார்க்குக்கும் இருந்த தொடர்பு, குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் பெருமளவு சுருங்கிவிட்டது.

நம் வீடுகளில் "அஞ்சு நிமிஷம்" என்றால் எவ்வளவு? ஆட்டிசம் உள்ள பிள்ளை ஐந்து என்றால் ஐந்து என்றே எடுத்துக்கொள்ளும். இருபது நிமிஷம் கழித்து வந்து "என்ன அவசரம் உனக்கு" என்றால், கட்டுப்பாடு இல்லாமல் நடந்துகொண்டது யார்? காத்திருக்கும் பழக்கம் பெரியவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில்தான் தொடங்குகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பழக்கும் முறை இது. உள்ளங்கை அளவு அட்டையில் "காத்திரு" என்று எழுதுங்கள், படிக்கத் தெரியாவிட்டால் படம் போதும். பிள்ளைக்குப் பிடித்த பொருள் உங்கள் கையில் இருக்கட்டும். அட்டையைக் கொடுத்து 10 நொடி. அவ்வளவுதான், பொருளைக் கொடுத்துவிட்டு அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தில் நான்கு தடவை சரியாக வந்தால் 20 நொடி, பிறகு 40, பிறகு ஒன்றரை நிமிஷம். கெட்டுப்போவது எங்கே தெரியுமா? "நல்லாதானே இருக்கான்" என்று சொன்னதற்கு மேல் நீட்டுவதில். ஒரே ஒரு தடவை நீட்டினால் ஒரு வாரப் பழக்கம் போய்விடும்.

நேரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சுவர்க்கடிகாரத்தில் சிவப்புக் காகிதத்தை முக்கோண விசிறி மாதிரி வெட்டி ஒட்டுங்கள். 4-லிருந்து 6 வரை ஒட்டினால் பெரிய முள் அதைக் கடக்கப் பத்து நிமிஷம். முடிந்ததும் அலறும் அலாரம் வேண்டாம். சில பிள்ளைகள் அலாரம் எப்போது அடிக்கும் என்ற பயத்திலேயே மீதி நேரத்தைக் கழிப்பார்கள்.

ஜூன் 16, மாலை 5.10

கையைக் கடிப்பது பற்றி.

கை உதறுதல், ஆடுதல், முணுமுணுத்தல் இதையெல்லாம் நிறுத்துவதுதான் கட்டுப்பாடு என்று நினைப்பவர்கள் அதிகம். அதெல்லாம் அவன் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் கருவிகள். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் கேட்டால் தணிவதற்காகத்தான் செய்கிறோம் என்கிறார்கள். காயப்படுத்தாத எதையும் தடுக்காதீர்கள்.

காயப்படுத்துவதை மாற்ற வேண்டும். ஆனால் மாற்றாக வருவது அதே உணர்வைத் தர வேண்டும். கடிப்பவனுக்குப் பந்தைக் கொடுத்தால் பயனில்லை, கடிக்கத்தான் கொடுக்க வேண்டும். மெல்லுவதற்கென்றே சிலிக்கானில் கழுத்துச் செயின் மாதிரி விற்கிறார்கள். வாரம் ஒருமுறை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், துண்டு உடைந்து தொண்டையில் சிக்கலாம். இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கொக்கி இருப்பதாக வாங்குங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. கடிப்பதும் தலையில் அடித்துக்கொள்வதும் புதிதாக, திடீரென்று வந்திருந்தால் முதலில் வலியைத் தேடுங்கள்: சொத்தைப் பல், காதுவலி, மலச்சிக்கல், தலைவலி. ஆட்டிசப் பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் சகஜம். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை நடத்தையில்தான் சொல்லும். "பிஹேவியர்" என்று சொல்லித் தெரபிக்கு அனுப்பி, கடைசியில் கடைவாய்ப் பல்லாக இருந்தால் அந்தப் பிள்ளை பட்ட பாட்டுக்கு யார் பதில் சொல்வது?

ஜூன் 16, இரவு 9.00

மாத்திரை பற்றிக் கேட்டவருக்கு மட்டும். ரிஸ்பெரிடோனும் அரிபிப்ரசோலும் ஆட்டிசத்தோடு வரும் கடும் எரிச்சலுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முறையே 2006, 2009-ல் அனுமதித்தவை. ஆட்டிசத்துக்கு மருந்து அல்ல. எடை ஏறும், தூக்கம் வரும், எடையையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது. ஏடிஎச்டியும் (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு) சேர்ந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். 2013 வரை இரண்டையும் ஒருவருக்கே சேர்த்துச் சொல்ல டிஎஸ்எம் கையேடு இடம் தரவில்லை. அதனால் பெரியவர்களில் பலருக்கு ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

ஜூன் 18, காலை 8.20

பெரியவர்களைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். ஆபீஸ் போகும் ஆட்டிசக்காரருக்குக் கட்டுப்பாட்டுப் பிரச்சினை கத்தலாக வருவது குறைவு. தொடங்க முடியாமல், தொடங்கியதை நிறுத்த முடியாமல் வரும். குளிக்கப் போக வேண்டும் என்று தெரியும், விருப்பமும் உண்டு, ஆனால் உடம்பு எழாது. பார்ப்பவர்கள் சோம்பேறி என்பார்கள். அதே ஆள் ஒரு எக்செல் ஷீட்டில் உட்கார்ந்தால் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் இருப்பார்.

இரண்டாவதற்குக் காரணம் பெரும்பாலும் உடம்பின் உள் சைகை தாமதமாக வருவது. பசி பசியாகத் தெரியாது. எரிச்சலாகவோ தலைசுற்றலாகவோதான் தெரியும். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லத் தெரியாமையும் ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கிறது. "உனக்கு இப்ப எப்படி இருக்கு" என்று சிரித்த முகம், அழுத முகம் அட்டையைக் காட்டினால் பதில் வராததற்குக் காரணம் இதுதான். முகத்துக்குப் பதில் உடம்பைக் கேளுங்கள்: காது சூடாக இருக்கிறதா, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாயா, நடை வேகமாகிவிட்டதா?

போனில் அதிர்வு மட்டும் வைத்து மூன்று நினைவூட்டல் போதும்: 10.30, 1.00, 4.00. அதில் "பசிக்கிறதா?" என்று எழுதாதீர்கள், இல்லை என்றே பதில் வரும். "எழு. தண்ணீர். பாத்ரூம்." என்று எழுதுங்கள்.

தொடங்குவதற்கு, பக்கத்தில் இன்னொருவர் தன் வேலையைச் செய்துகொண்டு உட்கார்ந்தாலே பலருக்கு நகர்ந்துவிடும். அவர் எதுவும் சொல்ல வேண்டாம். "இன்னும் குளிக்கலையா" என்று கேட்டால் அந்த உதவி போய்விடும்.

ஜூன் 19, இரவு 10.05

கல்யாண சீசன், அதனால் சத்தம் பற்றி. ஃபோம் இயர்பிளக்கை அப்படியே சொருகினால் பாதி சத்தம் உள்ளே வரும். விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, விரிந்து அடைக்கும்வரை அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தலைக்கு மேல் போடும் காதுமூடியே நல்லது.

மண்டபத்தில் ஸ்பீக்கருக்கு எதிர் ஓரம், கதவுப் பக்கம் இடம் பிடியுங்கள். கெட்டிமேளம் எப்போது என்று புரோகிதரிடம் கேட்டு, பத்து நிமிஷம் முன்பே பிள்ளையோடு வெளியே போய்விடுங்கள். தாலி கட்டுவதைப் பிறகு வீடியோவில் பார்க்கலாம். பிள்ளை நன்றாக இருக்கும்போதே வீட்டுக்குக் கிளம்புங்கள். "இன்னும் பந்தி முடியல" என்று இழுத்தால் அடுத்த கல்யாணத்துக்கு வர மாட்டான்.

காதுமூடியை நாள் முழுக்கப் போடாதீர்கள். எப்போதும் மூடியிருந்தால் காது இன்னும் கூர்மையாகி, சின்னச் சத்தமும் தாங்காது. வீட்டில் சத்தத்தையே குறைக்கலாம். மிக்சிக்கு அடியில் மடித்த துண்டு, போடுவதற்கு முன் "மூணு, ரெண்டு, ஒண்ணு". குக்கரில் முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிறிதாக்கினால் பருப்பு வேகும், விசில் தொடர்ந்து அலறாது.

ஜூன் 21, பகல் 12.40

"நரம்பியல் பன்மை என்றால் உதவியே வேண்டாம் என்று அர்த்தமா" என்று கேட்கிறார்கள். அல்ல. அந்தச் சொல் 1990-களில் ஆட்டிசம் உள்ளவர்களின் இணையக் குழுக்களில் உருவானது. 1998-ல் ஆஸ்திரேலியாவின் ஜூடி சிங்கர் தன் ஆய்வேட்டில் எழுதியதால் அவர் பெயரே நின்றுவிட்டது, ஆனால் அது பலர் சேர்ந்து உண்டாக்கியது. மூளைகள் பலவிதம், அதில் ஒருவிதத்துக்கு மட்டும் ஸ்கூலும் ஆபீசும் கட்டியிருக்கிறோம் என்பதுதான் அதன் வாதம். அதிலிருந்து கூடுதல் உதவிதான் பிறக்கிறது. நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. மத்திய வழிகாட்டுதல்படி எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் உண்டு. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்காமல் தள்ளிப்போடும் வீடுகள் பிள்ளைக்குச் சேர வேண்டிய நேரத்தைத் தள்ளிப்போடுகின்றன.

ஜூன் 27, இரவு 9.15

இழையைத் தொடங்கிய சித்தப்பா 12 ஸ்கூல் நாளுக்குக் குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறார். நாள், நேரம், அதற்கு முன் அரை மணியில் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது. அவ்வளவுதான், அருமையான வேலை. வெடித்தது 5 நாள். அந்த ஐந்தில் 4 நாள் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்த நாள்.

முதல் பதிவில் நான் சத்தத்தைத்தான் முன்னால் வைத்தேன். இங்கே பசி முன்னால் நிற்கிறது. காலை எட்டு மணி இட்லிக்குப் பிறகு நாலரை வரை ஒன்றுமில்லை, பசிப்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்த நாலு நாளும் கலந்த சாதம்: சாம்பார் சாதம், தயிர் சாதம், சாம்பார் சாதம், ரசம் சாதம். காலை ஏழு மணிக்குக் கட்டியது பன்னிரண்டரைக்கு ஊறிக் குழைந்திருக்கும். மூடியைத் திறந்ததும் வாடை, விரலில் பிசுபிசுப்பு. தின்ற நாட்களில் பொடி தடவிய இட்லி, சப்பாத்தி, எலுமிச்சை சாதம். எல்லாம் உலர்ந்தது, ஒன்றோடொன்று ஒட்டாதது. இதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவன் தெளிவாகவே சொல்லியிருக்கிறான்.

அடுத்த இரண்டு வாரம் உலர்ந்தது மட்டும், தொட்டுக்கொள்வது தனி டப்பாவில். ஸ்பூன் வையுங்கள். மிஸ்ஸிடம் கேட்டு, கூட்டம் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வகுப்பிலேயே சாப்பிட விடுங்கள். வேனில் ஏறும்போது கையில் ஒரு வாழைப்பழம், பிடிக்காவிட்டால் பிஸ்கட். புதுசாக எதையும் இந்த இரண்டு வாரத்தில் நுழைக்காதீர்கள். குறிப்பு எழுதுவதை நிறுத்தாதீர்கள்.

அந்த ஐந்தாவது நாளை மறக்க வேண்டாம், அன்று டிபன் காலி. அதற்கு முந்தின இரவு தூக்கம் எப்படி என்று அண்ணியிடம் கேட்டு எழுதுங்கள்.

ஜூன் 28, காலை 7.30

கடிகாரத்தில் ஒட்டிய சிவப்புக் காகிதத்தில் முள் சிக்கி நின்றுவிட்டது என்கிறார். கண்ணாடிக்கு வெளியே ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் காகித ஓரம் லேசாகத் தூக்கி முள்ளைப் பிடிக்கும். வெளியே ஒட்டும்போது கடிகாரத்தைப் பையனின் கண் உயரத்தில் மாட்டுங்கள். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் காகிதம் ஒரு நிமிஷம் தள்ளித் தெரியும், அந்த ஒரு நிமிஷத்தை அவன் கண்டுபிடித்துக் கேட்பான்.